மசோதா நிறைவேறிவிட்டது, அப்புறம்? (வாசகர் கேள்வி பதில்)

சட்டமன்றக் கூட்டத்தொடர், மசோதா, ஆளுநர் ஒப்புதல் என்று வந்து குவிந்த கடிதங்களுக்காக இந்த முறை பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். ஊர் வேறு, கேள்வி வேறு. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே ஆதங்கம் ஓடுகிறது: நம் வேலை நேரம், வாடகை, படிப்பு, கடன் எல்லாவற்றையும் தொடுகிற சட்டங்கள் நமக்குத் தெரியாமலே வந்துவிடுகின்றன. எனக்கும் அதே ஆதங்கம் உண்டு. நேராகக் கேள்விகளுக்குப் போவோம்.

‘கூட்டத்தொடரின் கடைசி நாளில் இத்தனை மசோதாக்கள் நிறைவேற்றம்’ என்று பேப்பரில் வருகிறது. ஒரே நாளில் அத்தனையும் எப்படி முடியும்? படித்துப் பார்த்துத்தான் ‘ஆம்’ சொல்கிறார்களா?
– மளிகைக் கடை நடத்தும் வாசகர், விருதுநகர்

விதிப்படி பார்த்தால் ஒரு மசோதா மூன்று கட்டம் தாண்ட வேண்டும். முதலில் அமைச்சர் அறிமுகம் செய்ய அனுமதி கேட்பார். அடுத்தது ஆய்வு. மசோதா எதற்கு, ஏன் என்று பொதுவாகப் பேசிவிட்டு, பிறகு ஒவ்வொரு பிரிவாக எடுத்து, திருத்தம் யாராவது கொடுத்திருந்தால் அதையும் எடுத்து, ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். கடைசியில்தான் நிறைவேற்றம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

நடப்பில் என்ன ஆகிறது என்றால், பட்ஜெட் கூட்டத்தொடரின் பெரும்பகுதியைத் துறைவாரியான மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கச் சொல்லி அவையில் கேட்பது) எடுத்துக்கொள்கின்றன. மசோதாக்களில் நிறைய கடைசி நாள்களுக்குத் தள்ளப்படுகின்றன. அன்றைக்குப் பேரவைத் தலைவர் பிரிவு எண்களை வரிசையாக வாசிக்க வாசிக்க, இரண்டு பக்கமிருந்தும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று குரல் எழ, எந்தக் குரல் ஓங்கியதோ அந்தப் பக்கம் முடிவு. இதுதான் குரல் வாக்கெடுப்பு. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர் பெயராகப் பதிவு இருக்காது. உங்கள் தொகுதி உறுப்பினர் ஒரு மசோதாவுக்கு என்ன சொன்னார் என்று நீங்கள் தேடினாலும் கிடைக்காது. எண்ணிக் கணக்கெடுக்கும் வழி இல்லாமல் இல்லை. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரியபோது, பகுதி பகுதியாக உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணி, 122க்கு 11 என்று அறிவித்தார்கள். ஆட்சி நிற்குமா விழுமா என்ற கேள்விக்கு எண்ணத் தெரிகிறது. தொழிலாளியின் வேலை நேரத்தை மாற்றுகிற மசோதாவுக்கும் அப்படி எண்ணினால் என்ன என்பதுதான் என் கேள்வி.

படித்துத்தான் ஆம் சொல்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலர் படிக்கிறார்கள். இரு பக்கத்திலும் மசோதாவை வரி வரியாகப் படித்துவிட்டு வந்து பேசுகிறவர்கள் உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் படித்தாலும் மனசாட்சிப்படி வாக்களிக்க முடியாது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். விலைக்கு வாங்கப்படும் எம்.எல்.ஏ.க்களைத் தடுக்க வந்த சட்டம் அது. அந்த நோக்கம் சரிதான், ஆனால் ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கும் ஒரு சாதாரண மசோதாவுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. அதனால் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கிறதென்றால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான்.

இதற்கு மருந்து விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. தேர்வுக் குழு என்று பெயர். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அடங்கிய ஒரு சிறு குழுவிடம் மசோதாவை ஒப்படைத்து, சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, திருத்தி, அறிக்கையோடு திரும்பக் கொண்டுவருவது. நம் மாநிலத்தில் இதை மிக அபூர்வமாகத்தான் செய்கிறார்கள். 2018 ஜூலையில் லோக் ஆயுக்தா மசோதா வந்தபோது, எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. இதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்டது. அ.தி.மு.க. அரசு கேட்கவில்லை, தி.மு.க. வெளிநடப்பு செய்தது, மசோதா நிறைவேறியது. ஐந்து வருடம் கழித்து தி.மு.க. ஆட்சியில் என்ன நடந்தது என்பதற்கு அடுத்த கேள்வியே பதில்.

நான் வேலை செய்கிற கம்பெனியில் 12 மணி நேர ஷிஃப்ட் வரப்போகிறது என்று 2023இல் பயந்துபோய்க் கிடந்தோம். சட்டமன்றத்தில் நிறைவேறியும்விட்டது. அப்புறம் வாபஸ் என்றார்கள். நிறைவேறிய மசோதாவை வாபஸ் வாங்க முடியுமா? மறுபடியும் வருமா?
– தொழிற்சாலை ஊழியர், ஸ்ரீபெரும்புதூர்

முடியும், ஏனென்றால் சட்டமன்றம் ‘ஆம்’ என்ற உடனே அது சட்டமாகிவிடுவதில்லை. ஆளுநரின் ஒப்புதல் கிடைத்து, அரசிதழில் வந்தால்தான் சட்டம். அதற்கு முன்னால் அரசு நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அந்தப் பத்து நாள்களை நாம் மறக்கக் கூடாது என்பதால். அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் படி, நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது. வேலை நேரம், இடைவேளை, மிகைநேரம் பற்றிய அந்தப் பிரிவுகளிலிருந்து சில தொழிற்சாலைகளுக்கு அரசு விலக்கு அளிக்கலாம் என்பதுதான் 2023 ஏப்ரலில் கொண்டுவந்த திருத்தம். வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நான்கு நாள் 12 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம், விரும்புகிறவர்களுக்கு மட்டும்தான் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் வேலையில் இருக்க முடியுமா என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்காருகிற பெண்ணுக்கு 12 மணி நேரம் என்பது 14 மணி நேரம். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பது தனி.

ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்ய, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொடி நிறம் பார்க்காமல் ஒன்றாக நின்றன. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமே ஏற்கவில்லை. மூன்றாம் நாள், ஏப்ரல் 24 அன்று, மசோதா நிறுத்திவைக்கப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்து, திரும்பப் பெற்றுவிட்டோம் என்றார். அரசு பின்வாங்கியதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், அது நல்ல காரியம். ஆனால் ஏப்ரல் 24இல் தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசியதை ஏப்ரல் முதல் வாரத்திலேயே செய்திருந்தால் உங்களுக்கு அந்தப் பயமே வந்திருக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே ஏப்ரல் 21 அன்று இன்னொரு மசோதாவும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது: தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு நிலம் ஒதுக்கும்போது, நடுவில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று நீர்நிலை குறுக்கிட்டால் அதையும் திட்டத்துக்குள் சேர்த்து ஒருங்கிணைக்க வழி செய்கிற சட்டம். விவசாயிகள் சங்கங்களும் பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழல் அமைப்புகளும் எதிர்த்தன. அதற்கு வெளிநடப்பும் இல்லை, மே தின அறிவிப்பும் இல்லை. ஆளுநர் ஒப்புதல் கிடைத்து இன்றைக்கு அது நடைமுறையில் இருக்கிற சட்டம். ஷிஃப்ட் நாளை காலை மாறும் என்றால் தொழிலாளி இன்று ராத்திரியே தெருவுக்கு வருகிறார். வாய்க்கால் மூடப்படுவது பத்து வருடம் கழித்து வெள்ளம் வரும்போதுதான் தெரிகிறது. இந்த இரண்டாவது வகை மசோதாவுக்காகத்தான் தேர்வுக் குழு வேண்டும் வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

மறுபடியும் வருமா என்றால், 12 மணி நேர யோசனை பல மாநிலங்களில் ஏற்கெனவே உலவுகிறது. உங்கள் சங்கத்தைக் கலைத்துவிடாதீர்கள்.

பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் இல்லை. கேட்டால் மசோதா ஆளுநரிடம் இருக்கிறது, கோர்ட்டில் இருக்கிறது என்கிறார்கள். உச்ச நீதிமன்றம் ஆளுநருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, அப்புறம் இன்னொரு அமர்வு வேறு மாதிரிச் சொன்னது. கடைசியில் எது சரி? எளிமையாகச் சொல்லுங்கள்.
– முதுகலை மாணவி, சென்னை

அம்மா, எளிமையாகச் சொல்ல முயல்கிறேன், ஆனால் கதை நீளம்.

அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் மூலம். சட்டமன்றம் அனுப்பும் மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். ‘மறுபடி யோசியுங்கள்’ என்று சட்டமன்றத்துக்கே திருப்பி அனுப்பவும் செய்யலாம், அதைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதல் தர மறுக்கக் கூடாது. இதில் எத்தனை நாளுக்குள் என்று ஒரு கெடு எழுதாமல் விட்டுவிட்டார்கள். ‘கூடிய விரைவில்’ என்று மட்டும்தான் இருக்கிறது. எல்லாச் சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது.

2020க்கும் 2023க்கும் இடையில் போன மசோதாக்களில் கணிசமானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை. இரண்டு அ.தி.மு.க. ஆட்சிக் காலத்தவை. இதை ஒரு கட்சியின் சண்டையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வருடக்கணக்கில் பதில் வராததால் 2023 அக்டோபர் கடைசியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 10இல் நீதிமன்றம் கவலை தெரிவிக்க, நவம்பர் 13இல் ஆளுநர் ஆர்.என்.ரவி 10 மசோதாக்களைத் திருப்பினார். நவம்பர் 18, சனிக்கிழமை, சிறப்புக் கூட்டம் கூட்டி பத்தையும் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினார்கள். இப்போது ஒப்புதல் தந்தாக வேண்டும் அல்லவா? நவம்பர் 28இல் அத்தனையையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒன்றுக்கு ஒப்புதல், ஏழு நிராகரிப்பு, இரண்டு கிடப்பில்.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, ஆளுநர் செய்தது சட்டவிரோதம் என்றது. முழு நீதி கிடைக்க எந்த உத்தரவும் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிற 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்ததோடு, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வைத்தது. தமிழக அரசு அவற்றை அரசிதழில் வெளியிட்டது. ஆளுநர் கையெழுத்து இல்லாமல், நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் சட்டங்கள் அரசிதழில் வந்தது நாட்டிலேயே முதல் முறை.

ஆனால் அதோடு முடியவில்லை. மே 13இல் குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின்கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்திடம் அனுப்பிக் கருத்துக் கேட்டார். இதற்கிடையே மே 21இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, துணைவேந்தர் நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. உங்கள் பல்கலைக்கழகச் சங்கதி சிக்கிக்கொண்ட இடம் இதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. இரண்டு அதிகார மையங்கள் மோதிக்கொண்டதில் மாணவர்கள் என்ன தப்புச் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2025 நவம்பர் 20இல் தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைச் சொன்னது. நீதிமன்றம் காலக்கெடு நிர்ணயிக்க முடியாது, ‘ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது’ என்பதும் கூடாது என்றது. இது ஆளுநர் பக்கம். அதே சமயம், ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார முடியாது, காரணமில்லாமல் நீண்ட காலம் இழுத்தால் ‘முடிவெடுங்கள்’ என்று நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. இது மாநிலங்கள் பக்கம்.

என் கருத்தைக் கேட்டால், இழுத்தடிப்பது தப்பு என்று சொல்லிவிட்டு, எத்தனை மாதம் போனால் இழுத்தடிப்பு என்று சொல்லாமல் விட்டது பெரிய குறை. ஒரு மாணவியின் படிப்புக் காலமே இரண்டு வருடம். அரசமைப்புச் சட்டத்தில் கெடுவை எழுதிச் சேர்ப்பதுதான் வழி, அது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது.

நீட் விலக்கு மசோதாவை எத்தனை தடவைதான் நிறைவேற்றுவார்கள்? ஜல்லிக்கட்டுக்கு மட்டும் உடனே நடந்ததே?
– பள்ளி மாணவனின் தந்தை, தருமபுரி

2017 பிப்ரவரியில் இரண்டு மசோதாக்கள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. 2021 செப்டம்பர் 13இல் மறுபடி ஒன்று. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்ப, பிப்ரவரி 8 சிறப்புக் கூட்டத்தில் மீண்டும் நிறைவேற்றி அனுப்ப, அதுவும் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரல் 4 அன்று முதல்வர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்.

கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய சட்டம் ஒன்று இருக்கும்போது அதற்கு முரணாக மாநிலம் சட்டம் போட்டால், 254ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால்தான் அந்த மாநிலத்தில் செல்லும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்றால் நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் சம்மதம். 2006இல் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வையே ஒழித்துத் தமிழ்நாடு சட்டம் போட்டபோது அந்த ஒப்புதல் கிடைத்தது, 2007 முதல் பல வருடம் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் டாக்டருக்குச் சேர்ந்தார்கள். 2017 ஜனவரியில் மெரினா முழுக்க இளைஞர்கள் உட்கார்ந்திருந்தபோது ஜல்லிக்கட்டுக்கும் கிடைத்தது. ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 மசோதா. ஆக, சட்ட வழி ஒன்றுதான், டெல்லி மனது வைக்கிறதா இல்லையா என்பதுதான் மாறுகிறது.

உங்கள் மகன் அரசுப் பள்ளி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 செப்டம்பர் 15இல் மசோதாவாக நிறைவேறி ஆறு வாரம் ஆளுநரிடம் கிடந்தது. கலந்தாய்வு நெருங்கிவிட்டதால் அக்டோபர் 29இல் அரசு அரசாணையாகவே போட்டுவிட்டது. மறுநாள் ஆளுநர் ஒப்புதல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை இப்போதே தலைமை ஆசிரியரிடம் பேசி ஒழுங்குபடுத்தி வையுங்கள், கடைசி நேரத்தில் அலையாதீர்கள்.

ஆன்லைன் ரம்மியைத் தடை செய்துவிட்டதாகச் சொன்னார்கள், அப்புறம் மறுபடி விளம்பரம் வந்தது, மறுபடி தடை என்றார்கள். என்னதான் நடந்தது? என் மகன் அதில் நிறையப் பணத்தை இழந்தான்.
– வாசகி, கோயம்புத்தூர்

படிக்கவே கஷ்டமாக இருந்தது. நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை, சட்டமே அப்படித்தான் அலைக்கழிந்தது.

முதல் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அதன் பரிந்துரைக்குப் பின் 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம். அவசரச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு, சட்டமன்றம் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் காலாவதி. அக்டோபர் 19இலேயே மசோதாவை நிறைவேற்றி அனுப்பியும் ஆளுநர் கையெழுத்து வராததால், நவம்பர் கடைசியில் அவசரச் சட்டம் செத்துப்போனது, புதுச் சட்டமும் பிறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் பார்த்த விளம்பரங்கள் எல்லாம் வந்தன. 2023 மார்ச்சில் மசோதாவை ஆளுநர் திருப்ப, மார்ச் 23இல் மறுபடி நிறைவேற்றினார்கள். ஆளுநருக்கு எதிராகச் சட்டமன்றம் தீர்மானம் போட்ட ஏப்ரல் 10 அன்றே ஒப்புதல் கிடைத்த செய்தியும் வந்தது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் இயற்றியது.

காலாவதியான அவசரச் சட்டத்துக்கும் மறுபடி கிடைத்த ஒப்புதலுக்கும் நடுவில் நாலு மாதத்துக்கு மேல் போனது. அந்த மாதங்களில் பணத்தை இழந்த குடும்பங்களுக்கு யார் பொறுப்பு என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. உங்கள் மகனைத் திட்டாமல் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கச்சத்தீவை மீட்கச் சட்டமன்றத்தில் ஏகமனதாக நிறைவேற்றினார்களே, அது சட்டம்தானே? ஏன் நடக்கவில்லை?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ராமநாதபுரம்

அது சட்டமில்லை ஐயா, தீர்மானம். 2025 ஏப்ரல் 2இல் நிறைவேறியது. ‘மத்திய அரசு இதைச் செய்ய வேண்டும்’ என்று மாநிலத்தின் குரலைப் பதிவு செய்வது தீர்மானம், அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆளுநர் கையெழுத்தும் வேண்டியதில்லை. அதே வருடம் மார்ச்சில் வக்ஃப் மசோதாவுக்கு எதிராகப் போட்டதும் இதே வகை. பயனில்லை என்று சொல்ல மாட்டேன், எட்டுக் கோடிப் பேரின் சட்டமன்றம் ஒரு குரலில் பேசுவதற்கு மதிப்பு இருக்கிறது.

மகளிர் குழுக் கடன் தவணை ஒரு வாரம் தள்ளிப்போனால் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். இரவு எட்டு மணி வரை போவதில்லை. புதுச் சட்டம் வந்திருக்கிறது என்கிறார்களே, எங்களுக்கு உதவுமா?
– சுயஉதவிக் குழு உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்

உதவும். 2025 ஏப்ரலில் நிறைவேறி, பிறகு ஆளுநர் ஒப்புதலும் பெற்ற சட்டம் அது. கடனை வசூலிக்கிறேன் என்று மிரட்டுவது, கேவலமாகப் பேசுவது, பின்னாலேயே வருவது, வீட்டு வாசலில் உட்கார்ந்து தொல்லை கொடுப்பது, ஆவணங்களைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் குற்றம், சிறைக்கும் இடமுண்டு. தனிநபர், சுயஉதவிக் குழு, கூட்டுப் பொறுப்புக் குழு எல்லாருக்கும் பொருந்தும்படிதான் எழுதியிருக்கிறார்கள். இதற்கு முன் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, அது அதிக வட்டியைப் பற்றியது. வசூல் அடாவடியைக் குறிவைத்தது இந்தப் புதுச் சட்டம்.

கூடவே ரிசர்வ் வங்கியின் 2022 விதியும் இருக்கிறது. குறுங்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைத் தொடர்புகொள்ளவே கூடாது. அடுத்த தடவை ஆறு மணிக்கு மேல் யாராவது வந்தால் செல்போனில் தேதி, நேரம் தெரியும்படி வீடியோ எடுங்கள், குழுவில் நாலு பேர் சேர்ந்து காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். கட்டின தவணைக்கெல்லாம் ரசீது இருக்கட்டும், கட்ட வேண்டிய பாக்கி கட்டத்தான் வேண்டும், அதை எந்தச் சட்டமும் தள்ளுபடி செய்யவில்லை.

வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாக நண்பர் சொல்கிறார். உண்மையா?
– தனியார் நிறுவன ஊழியர், தாம்பரம்

உண்மை. தமிழ்நாடு சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2017இல் நிறைவேறியது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

நடைமுறைக்கு வந்ததோ 2019 பிப்ரவரி 22. ஏன் இந்த இடைவெளி என்று தெரிந்துகொள்ள எந்தச் சட்டத்தின் முதல் பிரிவையும் பாருங்கள், ‘அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிப்பிடும் தேதியில் நடைமுறைக்கு வரும்’ என்று பல சட்டங்களில் ஒரு வரி இருக்கும். விதிகள் எழுத வேண்டும், அதிகாரிகளை நியமிக்க வேண்டும், அதெல்லாம் முடிந்து அந்த அறிவிக்கை வரும்வரை சட்டம் தாளில்தான் இருக்கும். வந்த பிறகும் கேட்பவர் இல்லையென்றால் தாளில்தான் இருக்கும். நீங்கள் கேளுங்கள். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் போனால் பிற்பாடு தகராறு வரும்போது கஷ்டம் இரண்டு பக்கத்துக்கும்தான் என்று வீட்டுக்காரரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கும் சட்டம் வந்திருக்கிறதாமே, எங்கள் ஊராட்சிக்கும் உண்டா?
– மாற்றுத்திறனாளி வாசகர், பெரம்பலூர்

உண்டு. 2025 ஏப்ரலில் நகர, ஊரக உள்ளாட்சிகள் இரண்டுக்கும் திருத்த மசோதாக்கள் நிறைவேறின, கிராம ஊராட்சி வரைக்கும் நியமனம் உண்டு. ஊராட்சி அலுவலகப் படியில் சாய்தளம் வேண்டும் என்று வெளியே நின்று மனு கொடுத்தவர் இனி உள்ளே உட்கார்ந்து கேட்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் இது. விவரத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மசோதா வரும் முன்பே நாங்கள் படிக்க முடியுமா? எதிர்ப்பை யாரிடம் சொல்வது?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

அறிமுகம் செய்த பிறகு சட்டமன்ற இணையதளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். பலர் முதல் பக்கத்தைப் பார்த்துப் பயந்து மூடிவிடுகிறார்கள். கடைசியிலிருந்து படியுங்கள். அமைச்சரின் பெயரோடு ‘நோக்க காரண விளக்க உரை’ என்று ஒரு பகுதி கடைசியில் இருக்கும், எதற்காக இந்த மசோதா என்று அரை பக்கத்திலோ ஒரு பக்கத்திலோ அதில் சொல்லிவிடுவார்கள். அதைப் படித்துவிட்டு, பிறகு எந்தப் பிரிவில் ‘அரசு விலக்கு அளிக்கலாம்’, ‘அரசு குறித்துரைக்கலாம்’ என்று வருகிறது என்று தேடுங்கள். அதிகாரம் கை மாறுகிற இடம் அதுதான். தொழிற்சாலை மசோதாவின் உயிரே அந்த ஒரு விலக்குப் பிரிவில்தான் இருந்தது.

அறிமுகத்துக்கு முன்பே வேண்டும் என்பதுதான் நியாயமான கோரிக்கை. மத்திய அரசு 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று. அதை அவர்களே பல முறை மீறுகிறார்கள், மாநிலங்களை அது கட்டுப்படுத்துவதும் இல்லை. தமிழ்நாடு தன் சட்டமன்ற விதிகளிலேயே இதைச் சேர்க்கலாம். அறிமுகத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் இத்தனை நாள் என்று ஒரு வரி, முக்கியமான மசோதா என்றால் கட்டாயம் தேர்வுக் குழு என்று இன்னொரு வரி, அவ்வளவுதான். ஆளுநரிடம் காலக்கெடு கேட்கிற சட்டமன்றம், மக்களுக்கும் கொஞ்சம் காலம் கொடுக்க வேண்டும் அல்லவா?

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, மசோதாவின் எண்ணையும், ஆட்சேபமுள்ள பிரிவையும், அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் நேரில் கொடுப்பது. ‘எதிர்க்கிறோம்’ என்று மட்டும் எழுதினால் ஃபைலில் போகும், திருத்த வாசகமாகக் கொடுத்தால் அவர் அதை அப்படியே அவையில் தாக்கல் செய்யலாம். எதிர்க்கட்சி உறுப்பினருக்கும், அந்தத் துறையின் செயலாளருக்கும் ஒரு நகல் போகட்டும். கூட்டத்தொடர் நடக்கும்போது உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தோடு பார்வையாளர் மாட அனுமதிச் சீட்டும் வாங்கலாம், கோட்டைக்கு வகுப்பு நண்பர்களோடு ஒரு முறை போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.